அப்பாவின் கட்டைவிரலில் ஒரு கோடு

போன வருஷம் தை மாதம் மாமா மகள் கல்யாணத்தில்தான் அதைக் கவனித்தேன். மண்டப வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அப்பா ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோதும் வேட்டிக்குக் கீழே கறுப்புக் காலுறை தெரிந்தது. "ஏன்ப்பா இது?" என்று மெதுவாகக் கேட்டேன். "சும்மா இருத்தா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் திண்ணையில் பழைய பேப்பரை விரித்து, நகவெட்டியோடு அவர் முன்னால் உட்கார்ந்தேன். செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்ட விடமாட்டார், பொழுது சாய்ந்த பிறகும் கூடாது. அதனால் ஞாயிறு காலை என்றால் அவரிடம் சாக்கு இருக்காது. இடது காலை நீட்டினார். வலது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். கையால் பிடித்து இழுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கட்டைவிரல் நகம் நகமாக இல்லை. காய்ந்த விரலி மஞ்சளின் நிறம். இரண்டு நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்த தடிமன். முனை விரலை விட்டு மேலே தூக்கி நின்றது, அதற்கு அடியில் புட்டுமாவைப் போலப் பொலபொலவென்று பொடி. நகவெட்டியின் வாய்க்குள் அந்த நகம் நுழையவே இல்லை. ஓரமாக ஒரு கடி கடித்ததும் ஒரு துண்டு உடைந்து பேப்பரில் விழுந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அவருக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. அந்தத் 'தெரியவில்லை' என்னைப் பயமுறுத்தியது.

"எத்தனை நாளா இப்படி இருக்குப்பா?"

"நாளா? அஞ்சாறு வருஷம் இருக்கும்த்தா."

மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்தார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ரெக்சின் ஷூ, நைலான் காலுறை. வீட்டுக்கு வந்து கழற்றும்போது கால் வெளுத்துச் சுருங்கியிருக்கும், மழையில் நனைந்த கால் மாதிரி. விரல் இடுக்கில் முதலில் அரிப்பு வந்தது. சேற்றுப்புண் என்றார் அப்பா. நாற்று நட்ட ஆச்சியின் காலில் வந்ததையும் அப்படித்தான் சொல்வோம். சேற்றில் இறங்காமலேயே, ஷூவுக்குள் அதே சேற்றை அவர் தினமும் சுமந்திருக்கிறார்.

யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் ஒன்று இருந்தது. மில்லில் கூட வேலை பார்த்த ஒருவருக்கு இதே மாதிரி நகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் அதைப் பிடுங்கி எடுத்தார்களாம். அவர் ஒரு மாதம் குதிகாலால் நடந்ததை அப்பா பார்த்திருக்கிறார். "பிடுங்கிருவாங்கத்தா" என்று ஒரே வரியில் சொன்னார். அந்தப் பயம்தான் அஞ்சாறு வருஷம் காலுறைக்குள் இருந்திருக்கிறது.

நம் ஊரில் இதை நகச்சொத்தை என்கிறோம். நல்ல சொல். பல்லில் சொத்தை விழுவதுபோல, வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே அரித்துக்கொண்டு போகும். பூஞ்சை பெரும்பாலும் நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ நுழைந்து, நகத்துக்கும் அதன் அடியில் இருக்கும் சதைக்கும் நடுவே, வேரை நோக்கிப் போகிறது. நகமும் முடியும் மேல்தோலும் கெரட்டின் என்கிற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. அதைச் செரித்து வாழும் பூஞ்சைகள் இவை. விரல் இடுக்கில் இருக்கும் சேற்றுப்புண்ணும் நகத்துக்குள் இருக்கும் சொத்தையும் பெரும்பாலும் ஒரே பூஞ்சையின் இரண்டு வீடுகள். ஒன்றுக்கு மருந்து போட்டு மற்றதை விட்டால், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் திரும்பவும் வரும்.

அப்பாவும் அதைத்தான் செய்திருந்தார், அதுவும் தப்பான மருந்தோடு. விரல் இடுக்கு அரிப்புக்கு ஒரு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டதாம். நிறுத்தினால் மறுபடியும் வரும், மறுபடியும் வாங்குவார். அந்த டியூபை வாங்கிப் படித்துப் பார்த்தேன். பூஞ்சை மருந்தோடு கிளோபெட்டசால் என்கிற மிக வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. இந்தியாவில் படர்தாமரை இன்றைக்கு அடங்காத நோயாகப் பரவி நிற்பதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். வழக்கமான மாத்திரைக்குப் பல நேரம் அடங்காத ஒரு பூஞ்சை இனத்துக்கு 2020-இல் பெயர் வைத்தபோது, அந்தப் பெயரிலேயே நம் நாடு இடம்பெற்றது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இருபது நொடியில் எடுத்துக் கொடுத்துவிடும் ஒரு டியூப் அது.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் எங்களைப் பார்த்த மருத்துவர் இளம்பெண். விரலைப் பார்த்ததும் மருந்து எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுதவில்லை. "ஐயா, பார்த்தா பூஞ்சை மாதிரிதான் இருக்கு. ஆனா சோதிச்சுப் பார்க்காம மூணு மாசம் மாத்திரை குடுக்க மாட்டேன்" என்றார். களிம்பை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து வரச் சொன்னார். மருந்து பூசிக்கொண்டே சோதித்தால், பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாமாம்.

எனக்கு இது அப்போது வீண் தாமதமாகத் தோன்றியது. பிறகுதான் காரணம் புரிந்தது. தடித்து, நிறம் மாறி, உதிர்கிற நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருவது. மீதியில் சோரியாசிஸ் என்ற தோல் நோய் உண்டு. அதில் நகத்தில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் விழும். இறுக்கமான ஷூ வருஷக்கணக்காக இடித்துக் கெட்ட நகம் உண்டு. வயதால் தடித்த நகம் உண்டு. பச்சையாக மாறினால் அது பெரும்பாலும் பாக்டீரியா. ஒரே ஒரு நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டு போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்கும் இறங்கினாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். நகத்துக்கு அடியில் தோல் புற்றுநோயும் வரும். இதில் எதற்கும் பூஞ்சை மாத்திரை வேலை செய்யாது.

இரண்டாம் முறை போனபோது நகத்தைச் சுரண்டி எடுத்தார்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, முனையில் தொங்கிய பகுதியை முதலில் வெட்டிக் குப்பையில் போட்டார் மருத்துவர். நான் பதறி, அதைத்தானே சோதிக்க வேண்டும் என்றேன். முனையில் இருப்பது பெரும்பாலும் செத்த பொடி, உயிரோடு இருக்கும் பூஞ்சை முன்வரிசையில், நல்ல நகத்தை ஒட்டி இருக்கும் என்றார். அந்த எல்லை வரை போய், சின்னக் கத்தியால் சுரண்டி, கறுப்புக் காகிதத்தில் பொடியைச் சேர்த்தார். ஒரு சிட்டிகை அளவு.

அதில் பாதியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டார்கள். நகத்தின் கெரட்டின் அதில் இளகிக் கரையும், பூஞ்சையின் சுவர் கரையாது. காத்திருந்த பிறகு மருத்துவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்களே பாருங்க" என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு நான் பார்த்தேன். மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடியில் செய்த மூங்கில் கழிகள் மாதிரி, கணுக் கணுவாக, கிளை பிரிந்து பிரிந்து இழைகள் போய்க்கொண்டிருந்தன. "நூல் மாதிரி இருக்குத்தா" என்றார் அப்பா. மில்லில் முப்பது வருஷம் நூலைப் பார்த்த மனுஷர்.

மீதிப் பொடியை, பூஞ்சையை வளர்த்து எந்த இனம் என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு வைத்தார்கள். அதற்கு நான்கு வாரம் வரை ஆகும். முடிவு ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்று வந்தது. சோதனைக்குழாயைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே வெள்ளைப் பஞ்சு. திருப்பினால் அடியில் நாவல்பழச் சாறு சிந்தியது போன்ற ஆழ்ந்த சிவப்பு. ரூப்ரம் என்றால் லத்தீனில் சிவப்பு. உலகம் முழுக்க நகச்சொத்தைக்கு முதல் காரணம் இந்தப் பூஞ்சைதான். இதைத் தனி இனமாக 1910-இல் முதலில் விவரித்த ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தது கொழும்பில். ஈரமும் வெப்பமும் நிறைந்த நம் பக்கத்துக் கடற்கரையில் அவருக்கு இது கண்ணில் பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நகத்தைப் பிடுங்குவீர்களா என்று அப்பா கடைசியில் கேட்டேவிட்டார். மருத்துவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வேறு வழி அதிகம் இல்லை, அதனால் பிடுங்கினார்கள் என்று விளக்கினார். கிரிசியோஃபல்வின் என்ற மருந்தைப் பென்சிலியம் பூஞ்சை ஒன்றிலிருந்து 1939-இலேயே பிரித்துவிட்டார்கள். ஆனால் மனிதர்களுக்கு மாத்திரையாகக் கொடுக்கத் தொடங்கியது 1958-ஐ ஒட்டித்தான். அதையும் கால் நகத்துக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் விழுங்க வேண்டும், அப்படியும் பலருக்குக் குணமாகாது. இப்போது டெர்பினாஃபின் இருக்கிறது. 250 மில்லிகிராம், தினம் ஒன்று, கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். கை நகமென்றால் ஆறு வாரம் போதும்.

இட்ராகொனசோல் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிடுவது. அப்பாவுக்கு அது ஒத்துவராது என்றார், ஏனென்றால் கொழுப்புக்கு அவர் சாப்பிடும் மாத்திரையோடு அது மோதும். இதயம் பலவீனமானவர்களுக்கும் அதைக் கொடுப்பதில்லை. டெர்பினாஃபினும் எல்லோருக்கும் ஆகாது. அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், அதனால் முதலில் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, பசி செத்துப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசி போகும் என்றும் சொன்னார். அதனால் மூன்று மாதமும் தினம் ராத்திரி அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "குழம்புல உப்புத் தெரியுதாப்பா?" "உப்புத் தெரியுது. புளிதான் ஒரு கை கூட." அந்தப் பதில் வந்தால் எனக்கு நிம்மதி.

பூசுகிற மருந்து மட்டும் போதாதா என்று நானும் கேட்டேன். அமோரோல்ஃபைன், சிக்ளோபிராக்ஸ் என்று நகப்பூச்சு மாதிரியே பூசும் மருந்துகள் இருக்கின்றன. நகத்தின் நுனியில் மட்டும் இருக்கிற, வேரைத் தொடாத சொத்தைக்கு அவை சரி. மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கும் வேறு வழியில்லை. ஆனால் நகம் தோலைப் போல இல்லை, மருந்து அதைத் துளைத்துக்கொண்டு கீழே போவது பெரும்பாடு. சிக்ளோபிராக்ஸ் பூச்சு 48 வாரம் பூசிய சோதனைகளில் முழுக்கக் குணமானவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மாத்திரையும் மந்திரமில்லை. டெர்பினாஃபின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது, ஆனால் பூஞ்சையும் ஒழிந்து நகமும் பழையபடி ஆனவர்கள் 38 பேர்தான். இந்தக் கணக்கை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் அப்பா பாதியில் விடவில்லை என்று நினைக்கிறேன்.

வேப்பெண்ணெய், மஞ்சள், மருதாணி எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆச்சி மருதாணியும் மஞ்சளும் அரைத்து விரல் இடுக்கில் அப்பியபோது எரிச்சல் அடங்கியதைப் பார்த்திருக்கிறேன், அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதே துளைக்க முடியாத நகம்தான் இவற்றையும் தடுக்கிறது. மருதாணி இன்னொன்றும் செய்யும். நகத்தைச் சிவப்பாக்கி, அடியில் நடப்பதை மறைத்துவிடும்.

அன்றைக்கு மருத்துவர் செய்த கடைசிக் காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. ஒரு சின்ன அரத்தை எடுத்து, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடத்தில், குறுக்கே மெல்லிய பள்ளமாக ஒரு கோடு இழுத்தார். வேரிலிருந்து கோடு வரை ஐந்து மில்லிமீட்டர். கோட்டிலிருந்து முனை வரை பதினொன்று. "ஐயா, கெட்ட நகம் மறுபடியும் நல்ல நகமா மாறாது. அது ஆறுற புண்ணு இல்ல. வேர்லேருந்து புது நகம் முளைச்சு, இதைத் தள்ளிக்கிட்டு வெளிய போகணும். மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர். நீங்க கலரைப் பார்க்காதீங்க, கோட்டைப் பாருங்க. கோடு முன்னால போகணும், மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பின்னால வரக் கூடாது. அவ்வளவுதான்."

கை நகம் மாதம் மூன்று மில்லிமீட்டர் வளரும். கால் நகம் ஒன்று, ஒன்றரை. கட்டைவிரலில் ஒரு நகம் வேரிலிருந்து முனைக்கு வந்து சேர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். வயதானால் இன்னும் மெதுவாகும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை பேர் மருந்தைப் பாதியில் விடாமல் இருந்திருப்பார்கள்! பதினைந்து நாள் சாப்பிட்டுவிட்டு, நகம் அப்படியேதான் இருக்கிறது, மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறோம். மருந்து கேட்டிருக்கும். நகம் வர வேண்டுமே.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை, திண்ணையில், என் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். மாசியில் இழுத்த கோடு சித்திரையில் இரண்டு மில்லிமீட்டர் போயிருந்தது. வைகாசியில் மாத்திரை முடிந்தது. அன்றைக்கும் பாதி நகம் மஞ்சள்தான். "மருந்து தீந்துபோச்சு, நகம் அப்படியேதானத்தா இருக்கு" என்று அப்பாவின் குரல் இறங்கிப்போனது. டெர்பினாஃபின் நகத்துக்குள் படிந்து, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே இருந்து வேலை செய்யும் என்று மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். ஸ்கேலைக் காட்டினேன். கோட்டுக்குப் பின்னால் இருந்த நகம் தேங்காய்ப் பூ மாதிரி வெள்ளையும் ரோஸுமாகச் சுத்தமாக இருந்தது.

நடுவில் சித்தியையும் அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சித்தி இட்லிமாவு அரைத்து விற்கிறார். அரிசி களைவது, கிரைண்டர் கழுவுவது என்று விடிந்ததிலிருந்து கை தண்ணீரில்தான். கைவிரல் நகங்களைச் சுற்றித் தோல் உப்பிச் சிவந்து, நகம் அலையலையாக வளைந்திருந்தது. நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகிக்கொண்டு இருந்தார். அப்பாவின் கதைதான் என்று நினைத்து, அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். நல்லவேளை, கொடுக்கவில்லை. சித்திக்கு அந்தப் பூஞ்சையே இல்லை. நகத்துக்கும் தோலுக்கும் நடுவே கதவிடுக்கு ரப்பர் மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும் மெல்லிய தோல் விளிம்பு ஓயாத ஈரத்தில் கரைந்துபோய், தண்ணீரும் சோப்பும் உள்ளே இறங்கி எரிச்சலாகி, காண்டிடா என்ற ஈஸ்ட் பின்னால் வந்து குடியேறியிருந்தது. மருத்துவர் சித்திக்குக் கொஞ்ச நாளுக்கு எழுதியது ஸ்டீராய்டு களிம்பு! அப்பாவின் காலைக் கெடுத்த அதே வகை மருந்து. அங்கே விஷமானது இங்கே மருந்து, ஏனென்றால் இங்கே முதல் நோய் எரிச்சல். கடைக்காரருக்கு இரண்டு விரலும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். கூடவே, பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்யச் சொன்னார். மாவுக்குள் கையுறையா என்று சித்தி முதலில் முகம் சுளித்தார். ஆறு மாதத்தில் நகங்கள் நேராக வந்தன.

அப்பாவின் பக்கத்தில் நாங்கள் மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள். பழைய ரெக்சின் ஷூவைத் தூக்கிப் போட்டோம். இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போட்டால் மற்றது வெயிலில் காயும். பருத்திக் காலுறை, தினம் துவைத்தது. குளித்ததும் விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பவுடர். அவருக்கென்று தனி நகவெட்டி. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது அழகுக்கான விஷயமே இல்லை. தடித்த நகம் ஷூவுக்குள் அழுத்தி அழுத்தி அடியில் புண்ணாகும், உணர்ச்சி மங்கிய கால் அதைச் சொல்லாது, சீழ் வைத்த பிறகுதான் தெரியும். விரலை எடுக்கும் வரை போனவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அதனால் தினமும் ராத்திரி காலைத் திருப்பிப் பார்ப்பது அப்பாவின் வேலை. குனிய முடியாத நாளில் என் மகள் கைக்கண்ணாடி பிடிப்பாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மாதம் கோடு நகரவே இல்லை. அளந்தது தப்போ, இல்லை பூஞ்சை திரும்பிவிட்டதோ என்று இரண்டு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. கார்த்திகையில் ஒன்றரை நகர்ந்திருந்தது. என் ஸ்கேல்தான் சரியாக வைக்கப்படவில்லை போலிருக்கிறது.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிறு. பேப்பரை விரித்தேன். கோடு முனைக்கு வந்துவிட்டிருந்தது. அதற்கு முன்னால் அரிசிமணி அகலத்துக்கு மட்டும் மஞ்சள். நகவெட்டியின் வாய் இந்த முறை இடறாமல் நுழைந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். கோட்டோடு சேர்ந்த துண்டு பேப்பரில் விழுந்தது. அப்பா அதை எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து, நுண்ணோக்கியில் பார்த்த அன்றைக்கு மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பேப்பரிலேயே திரும்ப வைத்தார்.

பிறகு வேட்டியை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, நான் கேட்காமலேயே இடது காலையும் என் மடியில் தூக்கி வைத்தார். "இதுல சுண்டுவிரல் ஓரத்துல லேசா வெள்ளையா இருக்கு. என்னன்னு பாருத்தா" என்றார்.